ஜரிகை, மயில்கழுத்து, மூன்று டிஜிட்டல் பேக்குகள்

"அண்ணா, பழைய சிசிடி பேக் ஒன்று நல்ல விலைக்கு வருது, வாங்கலாமா?" கொஞ்ச காலமாக இந்தக் கேள்வி என் வாட்ஸ்அப்பில் அடிக்கடி வந்து விழுகிறது. பேக் என்றால் பை இல்லை, கேமராவின் பின்பக்கம் ஃபிலிம் பெட்டிக்குப் பதிலாக மாட்டும் டிஜிட்டல் சென்சார் பெட்டி; சிசிடி பழைய சென்சார் வகை, சிமாஸ் புதியது. கேட்பவர்கள் பெரும்பாலும் கல்யாணமும் ஃபேஷனும் எடுக்கும் இளைஞர்கள், நல்ல மிரர்லெஸ் கேமரா ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கும், அதற்கு மேல் ஏதாவது வேண்டும் என்ற ஆசை, கூடவே "சிசிடி நிறம் தனி, சிமாஸில் அது வரவே வராது" என்று யாரோ காதில் ஓதியிருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாய்ஸ் நோட் போட்டு என் தொண்டைதான் கட்டுகிறது. அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் சொல்லப்போவது எல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. வடபழனியில் ஒரு சின்ன ஸ்டுடியோ. பட்டுப் புடவை கேட்டலாக்தான் சோறு போடுகிறது, அப்புறம் தஞ்சாவூர் ஓவியம், ஆயில் பெயின்டிங் போன்றவற்றை அச்சுக்காகப் பிரதி எடுத்துக் கொடுப்பது, எப்போதாவது ஒரு கட்டிடம். எல்லாமே அசையாத பொருட்கள், டிரைபாட், ஸ்ட்ரோப் (ஸ்டுடியோ ஃபிளாஷ்) விளக்கு, பொறுமை. ஓடுகிற குழந்தையைத் துரத்திப் படம் எடுப்பவர்களுக்கு இந்தக் கட்டுரையால் ஒரு பிரயோஜனமும் இல்லை, இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் கட்சியையும் முன்பே சொல்லிவிடுகிறேன். சிசிடியா சிமாஸா என்று நிறத்தை வைத்து நடக்கும் சண்டை பாதிக்கு மேல் வீண். பழைய பேக்குக்கும் புதிய பேக்குக்கும் உள்ள பெரிய வித்தியாசம், ஃபோகஸ் எங்கே விழுந்திருக்கிறது என்று எடுக்கும்போதே பார்க்க முடிகிறதா இல்லையா என்பதுதான். அதை யாரும் பேசுவதில்லை, விளம்பரத்தில் போட அது அழகாக இருக்காது போல.

நான் நன்றாகப் புழங்கிய பேக்குகள் மூன்று. ஃபேஸ் ஒன் பி45 பிளஸ், 2007இல் வந்தது, கோடாக் சிசிடி சென்சார், 39 மெகாபிக்சல், சென்சார் அளவு ஏறக்குறைய 49 x 37 மிமீ. ஹேசல்பிளாட் சிஎஃப்வி II 50சி (இனி வெறும் 50சி), 2019இல் அறிவித்தார்கள், சோனி தயாரித்த 50 மெகாபிக்சல் சிமாஸ், 44 x 33 மிமீ. இந்த இரண்டையும் என்னிடம் உள்ள பழைய ஹேசல்பிளாட் 500சி/எம் ஃபிலிம் கேமராவின் பாடியிலேயே மாட்டலாம். மூன்றாவது ஃபேஸ் ஒன் ஐக்யூ4, 151 மெகாபிக்சல், 54 x 40 மிமீ, 2018. அது என்னுடையது இல்லை. வெளிவந்தபோது கேமராவோடு சேர்த்து 50,000 டாலருக்கு மேல் விலை, அதை வாங்கும் அளவுக்குப் புடவை வியாபாரம் என்னை வளர்த்துவிடவில்லை. பெரிய ஓவிய வேலை வந்தால் மும்பையிலிருந்து வாடகைக்கு வரும், நாங்கள் குழந்தையைப் போல் பார்த்துக்கொண்டு திருப்பி அனுப்புவோம்.

35 மிமீ ஃபிலிமைவிடப் பெரிய இந்த வகைக்கு 'மீடியம் ஃபார்மட்' என்று பெயர், அந்த ஒரே பெயருக்குள் எத்தனை அளவுகள் இருக்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 500சி/எம்மில் ஃபிலிம் போட்டால் 56 x 56 மிமீ சதுரம் கிடைக்கும். அதே பாடியில் 44 x 33 சென்சார் வைத்தால் நடுப்பகுதி மட்டும்தான், பழைய 80 மிமீ லென்ஸ் நார்மலாக இல்லாமல் சின்ன டெலிஃபோட்டோ ஆகிவிடும், 50 மிமீ லென்ஸ் வைத்தால்தான் 35 மிமீ கணக்கில் 40 மாதிரி ஒரு பார்வை வரும். அகலமாக எடுக்க வேண்டுமென்றால் வி சிஸ்டத்தில் (500சி/எம் சேர்ந்த குடும்பம்) ரொம்பத் திண்டாட்டம். வாங்குகிறவர்கள் இதை வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள்.

சரி, நிறம்.

ஒரு எம்.எஸ். ப்ளூ, ஒரு ராணி பிங்க், ஒரு அரக்கு, ஒரு மாம்பழ மஞ்சள். நாலு புடவையையும் ஒரே பலகையில் மடித்து வைத்து, ஒரே சாஃப்ட்பாக்ஸ், ஒரே எஃப் 11 (லென்ஸ் துவார அளவு), நிறப்பலகை வைத்து பி45 பிளஸ், 50சி இரண்டுக்கும் தனித்தனியாக புரொஃபைல் (நிறத்தைச் சரிப்படுத்தும் அளவீடு) போட்டு எடுத்தேன். புரொஃபைல் போடுவதற்கு முன் இரண்டு படமும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போல இருந்தன. பி45 பிளஸ் படத்தை கேப்ச்சர் ஒன் மென்பொருளில் திறந்தால் ஸ்லைடு ஃபிலிம் மாதிரி கொஞ்சம் அழுத்தமாக, நிழலில் கறுப்பு இறங்கி நிற்கும். ஹேசல்பிளாட் படம் அந்தக் கம்பெனியின் ஃபோக்கஸ் (Phocus) மென்பொருளில் மென்மையாக, சற்று வெளிறித் திறக்கும். புரொஃபைல் போட்ட பிறகு? கடைக்காரரின் மகளைக் கூப்பிட்டு எது எது என்று சொல்லாமல் காட்டினேன், அந்தப் பெண் புடவை நிறத்தில் என்னைவிடப் பெரிய கில்லாடி, எம்.எஸ். ப்ளூவிலும் மஞ்சளிலும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் 'சிசிடி நிறம்' என்று ரசிப்பது பெரும்பாலும் அந்த மென்பொருள் ஆரம்பத்தில் போட்டுத் தரும் கான்ட்ராஸ்ட்டும் டோன் கர்வும்தான். மிச்சம் இருப்பது சென்சார் மேல் உள்ள நிற வடிகட்டிகளின் சாயமும், அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடியும். இவை ஒவ்வொரு சென்சாருக்கும் மாறும், உண்மைதான். ஆனால் சிசிடி, சிமாஸ் என்பது சேர்ந்த மின்னூட்டத்தை எப்படி வெளியே எடுத்துப் படிக்கிறார்கள் என்பதில் உள்ள வேறுபாடு. அந்தப் படிக்கும் முறைக்கு நிறம் தெரியாது.

ராணி பிங்க்கில் வித்தியாசம் தெரிந்தது, அதுவும் சிமாஸுக்குச் சாதகமாக. இந்த நிறத்தில் சிவப்பு சேனல் பச்சை, நீலம் இரண்டுக்கும் வெகு முன்னாலேயே உச்சத்தில் முட்டிக்கொள்ளும், முட்டிவிட்டால் பட்டின் மடிப்பு, நெசவு எல்லாம் போய் பெயின்ட் அடித்த தகடு மாதிரி ஆகிவிடும். தப்பிக்க ஒரே வழி ஒன்றரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சத்தில் பாதி) குறைத்து எடுத்துப் பிறகு மென்பொருளில் தூக்குவது. 50சியில் அப்படித் தூக்கினால் அரக்குப் புடவையின் மடிப்பு நிழல்கூட சுத்தமாக இருக்கிறது. பி45 பிளஸ்ஸில் அதே அளவு தூக்கினால் நிழலில் மணல் கொட்டியதுபோல நாய்ஸ் வந்து நிற்கும். பழைய பேக்குகளை '16 பிட்' என்று விற்றார்கள், ஃபைல் 16 பிட்தான், ஆனால் அந்தச் சென்சாரின் டைனமிக் ரேஞ்ச், அதாவது இருட்டிலிருந்து வெளிச்சம் வரை அது பிடிக்கும் வீச்சு, 12 ஸ்டாப் அளவில்தான், ஆகவே கீழே உள்ள பிட்டுகளில் இருப்பது நாய்ஸ் மட்டும். 50சிக்கு 14 ஸ்டாப், ஐக்யூ4க்கு 15 என்று கம்பெனிகள் சொல்கின்றன. கம்பெனிக் கணக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பார்த்தாலும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிகிறது.

ஸ்டுடியோவுக்கு வெளியே இது இன்னும் நன்றாகத் தெரியும். மெரினாவுக்கு எதிரே உள்ள செனட் ஹவுஸை எடுத்துக்கொள்ளுங்கள், கட்டிடக் கலைஞர் சிஷோம் 1870களில் கட்டியது. வெளியே கடற்கரை வெயில் வெள்ளையாய் அடிக்கும், வராந்தாவுக்குள் வளைவுகளின் அடிப்பக்கம் கிட்டத்தட்ட இருட்டு. சிசிடியில் எடுத்தால் வானத்தை வைத்துக்கொள்வதா, வளைவின் உள்பக்கத்தை வைத்துக்கொள்வதா என்று முடிவு செய்ய வேண்டும், இல்லையென்றால் இரண்டு மூன்று எக்ஸ்போஷர் எடுத்து ஒட்ட வேண்டும். சிமாஸில் வானத்துக்கு அளவு வைத்து ஒரே ஷாட், உள்ளே உள்ள நிறமெல்லாம் பிறகு எழுந்து வரும். சென்னை வெயிலில் கட்டிடம் எடுப்பவருக்கு இந்த ஒரு காரணமே போதும்.

மயில்கழுத்து நிறத்தை மட்டும் எந்த பேக்கும் ஜெயிக்கவில்லை. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், திருப்பினால் பச்சை நீலமாகும், நீலம் ஊதாவாகும். அது விளக்கை எந்தக் கோணத்தில் வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. 50,000 டாலர் பேக்கை வைத்துக்கொண்டு விளக்கை நேராக அடித்தால் செத்த நிறம்தான் வரும்.

இப்போது புடவைக்காரர்களின் நிஜமான தலைவலிக்கு வருகிறேன். மொய்ரே, நெசவும் பிக்சல் வரிசையும் மோதி எழுப்பும் பொய் அலை. டிஜிட்டல் பேக்குகளில் அதைத் தடுக்கப் படத்தைச் சற்றே மழுக்கும் ஆன்டி-ஏலியாசிங் ஃபில்டர் கிடையாது, கூர்மைக்காக அதை விட்டுவிடுகிறார்கள். இலை, கல், தோல் என்றால் பிரச்சினை இல்லை. ஒரே ஒழுங்கில் ஓடும் நெசவு என்றால், அதுவும் பளபளக்கும் ஜரிகை என்றால், பார்டர் முழுக்க வானவில் அலை அலையாய் ஓடும். ஒரு கடைக்கார அம்மா முந்தானையைத் திரையில் பார்த்துவிட்டு, "தம்பி, ஜரிகைல என்ன இது கலர் கலரா? கஸ்டமர் டேமேஜ் பீஸ்னு நெனச்சுக்குவாங்களே" என்றார். நியாயமான கேள்வி.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புடவையின் அகலம் சுமார் 1.2 மீட்டர். அதை சென்சாரின் நீளப் பக்கத்தில் முழுதாகப் பிடிக்கிறோம் என்று வையுங்கள். பி45 பிளஸ்ஸில் அந்தப் பக்கம் 7216 பிக்சல், அப்படியானால் துணியில் ஒரு மில்லிமீட்டருக்கு 6 பிக்சல். 50சியில் 8272, அதாவது கிட்டத்தட்ட 7. ஐக்யூ4இல் 14204, மில்லிமீட்டருக்கு 11.8. ஒரு இழையைப் பிரித்துக் காட்ட குறைந்தது இரண்டு பிக்சல் வேண்டும். துணியில் மில்லிமீட்டருக்கு 4 இழை ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 8 பிக்சல் தேவை. முதல் இரண்டு பேக்கும் சரியாக அந்த வலையில் போய் மாட்டும், ஐக்யூ4 தாண்டிவிடும். ஆனால் முழுதாகத் தாண்டாது! சிவப்பும் நீலமும் ஒவ்வொரு திசையிலும் ஒன்று விட்டு ஒரு பிக்சலில்தான் பதிகின்றன, ஆகவே நிறத்துக்கு மட்டும் பார்த்தால் அதன் திறன் பாதிதான். வடிவ மொய்ரே போய்விடும், மெல்லிய நிற மொய்ரே சில கட்டங்களில் எட்டிப் பார்க்கும். நடைமுறையிலும் அப்படித்தான் நடந்தது: பி45 பிளஸ்ஸில் பார்டர் பூராவும் ஓடிய அலை, ஐக்யூ4இல் கோர்வை சேரும், அதாவது உடலும் பார்டரும் இணையும் இடத்தில் ஒரு சின்னத் துண்டில் மட்டும் பச்சையும் மெஜன்டாவுமாய் நின்றது.

மென்பொருளில் மொய்ரே நீக்கும் கருவி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அது செய்வது அந்த இடத்தின் நிற வேறுபாட்டைத் தடவி மழுப்புவது. வெள்ளைச் சட்டை என்றால் சரி. ஜரிகையில் தடவினால் தங்கம் போய்ப் பித்தளை ஆகிவிடும், அப்புறம் அந்த அம்மாவிடம் என்ன சொல்வது? வெளிச்ச அளவில் வரும் அலையை அந்தக் கருவியால் தொடவே முடியாது. என் வழி கொஞ்சம் முரட்டு வழி. கேமராவை ஒரு சாண் முன்னே அல்லது பின்னே நகர்த்துவேன், அலையின் இடம் மாறும், சில சமயம் மறையும். அதற்கும் மசியவில்லை என்றால் லென்ஸ் துவாரத்தை எஃப் 22 வரை மூடிவிடுவேன். துவாரம் சிறிதானால் ஒளி பரவும் டிஃப்ராக்ஷன் என்று எல்லோரும் பயப்படுகிறார்களே, அந்த மங்கல்தான் இங்கே இலவச ஆன்டி-ஏலியாசிங் ஃபில்டர். எஃப் 8இல் ஒரு ஒளிப்புள்ளி சென்சாரில் சுமார் 11 மைக்ரான் அகலத்துக்குப் பரவும், எஃப் 16இல் 21, எஃப் 22இல் 30ஐ நெருங்கும். பி45 பிளஸ்ஸின் பிக்சல் 6.8 மைக்ரான். எஃப் 22இல் நெசவு கரைந்து துணி துணியாகத் தெரியும். பிறகு கொஞ்சம் ஷார்ப்பன் செய்தால் கேட்டலாக் அளவுக்கு யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பிக்சல் எண்ணுபவர்கள் கோபப்படலாம், புடவை விற்றுவிடும்.

தஞ்சாவூர் ஓவியத்தில் பிரச்சினை வேறு. பளபளப்பைக் கொல்ல விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் போட்டுக் குறுக்காக வைப்போம், ஆயில் பெயின்டிங்குக்கு அது அருமை, ஆனால் தங்க ரேக்கு கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்புவதால் அதுவும் சேர்ந்து செத்துக் கறுத்துவிடும். கிருஷ்ணர் கறுப்பு நகை போட்டுக்கொண்டு நிற்பார். குறுக்குப் போலரைசரில் ஒன்று, போலரைசரைத் திருப்பி ஒன்று, இரண்டையும் அடுக்கிக் கலப்பதுதான் வழி, அதற்கு இரண்டு ஷாட்டுக்கும் நடுவே கேமரா ஒரு மயிரிழைகூட அசையக் கூடாது. இங்கே எந்த பேக் என்பது பெரிய விஷயமே இல்லை, டெதரில் (கேபிளால் கட்டிய கம்ப்யூட்டரில்) இருந்து ஷட்டரை விட முடிகிறதா என்பதுதான் விஷயம்.

சரி, என் பிரதான வழக்கு. ஃபோகஸ்.

லென்ஸ் எங்கே கூர்மையாகக் குவிக்கிறதோ அந்தத் தளத்தில் சென்சார் இருக்க வேண்டும். எவ்வளவு பிசகலாம்? தோராயமாக எஃப் எண்ணைப் பிக்சல் அளவால் பெருக்கினால் கிடைப்பதுதான் முன்னும் பின்னும் உள்ள சலுகை. எஃப் 8இல் பி45 பிளஸ்ஸுக்கு 0.05 மிமீ. ஐக்யூ4இன் பிக்சல் 3.76 மைக்ரான், அதற்கு 0.03 மிமீ. இப்போது 500சி/எம்மைப் பாருங்கள்: லென்ஸ் வழியாக வரும் ஒளி கண்ணாடியில் பட்டு மேலே தேய்கண்ணாடித் திரையில் விழுகிறது, அதை உங்கள் கண் பார்க்கிறது, படமோ பின்னால் பேக்கில் விழுகிறது. அந்தக் கண்ணாடி நிற்கும் கோணம், திரையின் உயரம், பேக் உட்காரும் இடம், மூன்றும் சேர்ந்து பி45 பிளஸ்ஸுக்கு 0.05 மிமீக்குள் ஒத்துப்போக வேண்டும். நாற்பது ஐம்பது வருடம் யார் யார் கையிலோ இருந்து வந்த பாடி அது! திரைக்கு அடியில் மெல்லிய தகடு வைத்துச் சரி செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், குறைந்துகொண்டும் வருகிறார்கள். ஃபிலிம் காலத்தில் இந்தப் பிசகு யாருக்கும் தெரியவில்லை, ஃபிலிமே கொஞ்சம் வளைந்துதான் உட்காரும், படத்தையும் யாரும் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

பி45 பிளஸ்ஸில் பின்னால் ஒரு திரை உண்டு, 2.2 அங்குலம். அதில் படம் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம், ஹிஸ்டோகிராம் பார்க்கலாம், ஃபோகஸ் பார்ப்பது கண்ணுக்கும் மனசுக்கும் கேடு. கம்ப்யூட்டரில் கட்டினால் லைவ் வியூ என்று ஒன்று வரும், ஆமை நடை, வெளிச்சம் அதிகமானால் வெளுத்துப் போகும். ஆக அந்த 39 மெகாபிக்சலை வாங்கியவர்களில் எத்தனை பேர் 39 மெகாபிக்சலை நிஜமாகவே பார்த்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான். லென்ஸ் சரியில்லை, பேக் மென்மையாக இருக்கிறது என்று திட்டி விற்றவர்களில் பலருக்கும் வியாதி கண்ணாடியின் கோணத்தில்தான் இருந்திருக்கும்.

50சியை அதே பாடியில் மாட்டி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு, ஷட்டரை பி-யில் (பல்ப், அழுத்தும்வரை திறந்திருக்கும்) திறந்து வைத்து லைவ் வியூவில் நூறு சதவீதம் பெரிதாக்கினால் ஜரிகை இழை திரையில் வருகிறது. ஃபோகஸ் வளையத்தை மிக லேசாகத் திருப்பினால் இழை கரைவதும் திரும்பி எழுவதும் தெரிகிறது. நாற்பது வருடத்துக்கு முந்தைய 120 மிமீ மேக்ரோ பிளானார் லென்ஸ் இவ்வளவு கூர்மையா என்று அன்றைக்குத்தான் புரிந்தது. 50சியின் மெகாபிக்சல் பி45 பிளஸ்ஸைவிடக் கொஞ்சம்தான் அதிகம், சென்சாரோ சின்னது, தாளில் வைத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. கையில் வந்து சேரும் படமோ இன்னொரு வகுப்பு. காரணம் சென்சாரின் மகிமை இல்லை, ஃபோகஸைக் குருட்டாம்போக்கில் வைக்க வேண்டியதில்லை என்பதுதான்.

கையாளும் விஷயத்துக்கும் வருவோம். வி பாடியில் ஹேசல்பிளாட் பேக்குக்குக் கேபிளே வேண்டாம், ஃபிலிம் மேகசீன் மாதிரி மாட்டினால் சரி. ஃபேஸ் ஒன் பேக்குக்கு லென்ஸின் ஃபிளாஷ் சாக்கெட்டிலிருந்து ஒரு சிங்க் கேபிள் வந்து பேக்கில் ஏற வேண்டும். அந்தக் கேபிள் தளர்ந்தால் ஷட்டர் சத்தம் கேட்கும், படம் இருக்காது. என் உதவியாளர் அதன்மேல் கருப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறார், நாங்கள் அதற்குக் கிட்டத்தட்ட ஆயுத பூஜை செய்யாத குறைதான். இன்னொன்று, ஹேசல்பிளாட் பேக் படுக்கை வாட்டில்தான் உட்காரும். நெடுக்காக எடுக்க வேண்டுமென்றால் முழு கேமராவையும் சாய்க்க வேண்டும், இடுப்பளவு வியூஃபைண்டரை வைத்துக்கொண்டு சாய்த்தால் சுவர் பக்கமிருந்து எட்டிப் பார்க்க வேண்டியதுதான். கண்மட்டத்தில் வைத்துப் பார்க்க பிரிசம் வியூஃபைண்டர் வாங்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு, தனிக் கனம்.

சிஎஃப்வியோடு வரும் 907எக்ஸ் என்ற மெல்லிய பாடி, கேமரா என்று சொல்ல முடியாத அளவுக்குச் சின்னது. ஹேசல்பிளாட்டின் புதிய எக்ஸ் வரிசை லென்ஸ் மாட்டினால் ஆட்டோஃபோகஸ், லென்ஸுக்குள்ளேயே ஷட்டர், ஃபிளாஷை எந்த வேகத்திலும் சேர்க்கலாம். திரையைச் சாய்த்து இடுப்பில் வைத்துப் பார்ப்பது சுகமோ சுகம். வெயிலில் அந்தத் திரையில் ஒன்றும் தெரியாது, வியூஃபைண்டர் தனியாக இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். பழைய லென்ஸை அடாப்டரில் மாட்டினால் எலெக்ட்ரானிக் ஷட்டர்தான், அது மெதுவாகப் படிக்கும், ஃபிளாஷும் சேராது. பழைய லென்ஸும் ஃபிளாஷும் சேர்ந்து வேண்டுமென்றால் வி பாடிதான் கதி.

ஐக்யூ4 பெரிய மனிதர். லென்ஸை மேலே, பக்கத்தில் நகர்த்த முடிகிற டெக்னிக்கல் கேமராவில் மாட்டும்போது அதன் நிஜமான பெருமை தெரியும். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் கிழக்குக் கோபுரம் சுமார் 120 அடி, முன்னால் தெருவில் பின்வாங்க இடம் குறைவு. கேமராவை அண்ணாந்து வைத்தால் கோபுரம் பின்னால் சாயும், மென்பொருளில் நிமிர்த்தினால் மேல்நிலைச் சுதைச் சிற்பங்கள் இழுபட்டு மங்கும். கேமராவை மட்டமாக வைத்து லென்ஸை மேலே உயர்த்த வேண்டும். ரோடன்ஸ்டாக் 40 மிமீ லென்ஸின் படவட்டம் (லென்ஸ் படம் வீசும் வட்டத்தின் விட்டம்) 90 மிமீ, 54 x 40 சென்சாரை நெடுக்காக வைத்தால் 13 மிமீ வரை உயர்த்தலாம் என்று கணக்கு வரும். உயர்த்தும்போது ஒளி சென்சாரின் ஓரத்தில் மிகவும் சாய்வாக விழும், அங்கேதான் பல சென்சார்கள் காலை வாரிவிடும்: ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் மெஜன்டா. வெள்ளை அக்ரிலிக் தகட்டை லென்ஸ் முன் பிடித்து ஒரு ஷாட் எடுத்து அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். பி45 பிளஸ் இதில் ஆச்சரியமாக நன்றாகத் தாங்கும், பெரிய பிக்சல். 50 மெகாபிக்சல் சிமாஸ் இந்த வேலைக்கு ஆகாது, சாய்ந்த ஒளி பக்கத்துப் பிக்சலுக்குக் கசிந்து நிறத்தைக் கலைத்துவிடும், அதைக் கழித்தும் சரி செய்ய முடியாது. ஐக்யூ4இன் சென்சாரில் வயரிங் எல்லாம் பின்பக்கம் போய்விட்டதால் ஒளி நேராக உள்ளே இறங்குகிறது, நிறச்சாயல் ஏறக்குறைய இல்லை. கட்டிடம்தான் உங்கள் தொழில் என்றால் இந்தப் பத்தியை இரண்டு தடவை படியுங்கள்.

ஒன்று தெரியுமா, ஐக்யூ4, ஹேசல்பிளாட் சிஎஃப்வி 100சி, ஃபியூஜியின் 102 மெகாபிக்சல் ஜிஎஃப்எக்ஸ், சோனியின் 61 மெகாபிக்சல் முழுச்சட்டகம், நாலிலும் பிக்சல் அளவு அதே 3.76 மைக்ரான். ஒரே பேலிலிருந்து புடவைக்கும் பாவாடைக்கும் ரவிக்கைக்கும் வெட்டிய மாதிரி. 54 x 40க்கும் 44 x 33க்கும் பரப்பில் ஒன்றரை மடங்கு, நாய்ஸில் அது அரை ஸ்டாப்பைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். விலை வித்தியாசம் எங்கேயோ நிற்கிறது. 2024இல் வந்த சிஎஃப்வி 100சி அப்போது 907எக்ஸோடு சேர்ந்து 8,199 டாலர், உள்ளேயே ஒரு டெராபைட் எஸ்எஸ்டி. புடவைக் கணக்கில் மில்லிமீட்டருக்கு 9.7 பிக்சல். அடுத்து வாங்கினால் அதுதான்.

வெயில் பற்றி ஒரு வார்த்தை. சென்சாரில் நாய்ஸைக் கிளப்பும் வெப்பக் கசிவு ஆறேழு டிகிரிக்கு ஒருமுறை இரட்டிக்கும் என்பது பொதுக் கணக்கு. ஏசி அறையின் 25 டிகிரியிலிருந்து அக்னி நட்சத்திரத்து மொட்டை மாடிக்குப் போனால் கிட்டத்தட்ட நாலு மடங்கு. ஸ்ட்ரோபில் எடுத்தால் கவலை இல்லை. இரவில் நீண்ட எக்ஸ்போஷர் என்றால் பி45 பிளஸ் ஒரு நிமிடம் திறந்திருந்தால் அடுத்த ஒரு நிமிடம் இருட்டில் இன்னொரு படம் எடுத்துக் கழித்துக்கொள்ளும், அதுவரை நீங்கள் சுண்டல் சாப்பிடலாம். ஏசியிலிருந்து சட்டென்று வெளியே கொண்டுபோனால் லென்ஸ் மட்டுமல்ல, சென்சார் கண்ணாடியும் வேர்த்துவிடும், பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டுத் திறங்கள். பேக்கில் ஒரு சௌகரியம், தூசி விழுந்தால் கழற்றி நேருக்கு நேர் பார்த்துத் துடைக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய சிசிடி பேக்தான் வேண்டும் என்றால், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஐஎஸ்ஓ 50இல், ஸ்ட்ரோப் விளக்கில், டெக்னிக்கல் கேமராவில் பி45 பிளஸ் இன்றைக்கும் அழகான படம் தரும், என்னுடையதை நான் இன்னும் விற்கவில்லை. ஆனால் டெதர் செய்ய ஃபயர்வயர் என்ற பழைய வகை கேபிள் வேண்டும், இன்றைய மேக்புக் எதிலும் அந்தத் துளை இல்லை, இதற்காகவே ஒரு கிழட்டு லேப்டாப்பை உயிரோடு வைத்திருக்க வேண்டும். ரிப்பேர் என்று போனால் சென்சாரே கிடைக்காது, கோடாக் அந்தப் பிரிவை 2011இலேயே விற்றுவிட்டது.

வாங்கப் போகும்போது நேரில் போங்கள். வெள்ளைச் சுவரை மங்கலாக ஒரு படம் எடுத்து நடுவில் செங்குத்தாக ஒரு கோடு தெரிகிறதா பாருங்கள், சென்சாரை இரண்டு பாதியாகப் படிப்பதால் பாதிக்குப் பாதி ஒத்துப்போகாமல் வருவது அது. லென்ஸை மூடி ஒரு நிமிட எக்ஸ்போஷர் எடுத்து வெள்ளைப் புள்ளிகள் எவ்வளவு என்று எண்ணாமல் கண்ணால் பாருங்கள், ஃபயர்வயர் துளையில் கேபிள் ஆடுகிறதா என்று அசைத்துப் பாருங்கள், இரண்டு பேட்டரியாவது கேளுங்கள். எல்லாவற்றுக்கும் முதலில் மவுண்ட் (பேக் கேமராவில் பொருந்தும் தகடு) எது என்று போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். இந்த பேக்குகளில் மவுண்ட்டை மாற்ற முடியாது, மற்றதைவிட ரொம்ப விலை குறைவாக ஒன்று கண்ணில் பட்டால் அது மாமியா கேமராவின் மவுண்ட்டாகவோ ஹேசல்பிளாட்டின் வேறு வரிசையான எச் மவுண்ட்டாகவோ இருக்கலாம், உங்கள் 500சி/எம்மில் அது ஏறவே ஏறாது.